வருகிறவர்கள் எல்லாரும்

பொது இடத்தில் பந்தல் போட்டு மக்களுக்கு உணவு வழங்க விரும்புகிறவர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பெற்ற அலுவலகம், கேட்ட நாளுக்கு முன்பாக, அனுமதி உண்டு அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும். விதி இவ்வளவுதான். இதன் முதல் பாதியை அக்கா நிறைவேற்றினார்.

நினைவு மலர்க் கட்டுரை பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் ஒரு விதிதான். அரசு அலுவலகம் ஒன்றில் பிறருக்கு விதிகளை எடுத்துச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். இந்த ஒரு முறை வரிசையை மாற்றியதை உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்கா திசையன்விளைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். நர்ஸ் படிப்பை முடித்து, மணமாகி, மும்பையில் தாராவிக்கு வந்தார். அத்தான் டிராம்பேயில் ஓர் எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தார். அக்காவுக்குச் செம்பூரில் ஒரு மருத்துவமனையில் வேலை. மகள் மெர்சி பள்ளிக்குப் போகத் தொடங்கிய வயதில் அத்தான் காலமானார். அழுவதற்குக்கூட விடுப்பு மிச்சமில்லை என்று அக்கா ஒரு முறை சொல்லியிருக்கிறார். என்னை ஊரிலிருந்து வரவழைத்து, படிக்கவைத்து, தேர்வு எழுதவைத்ததும் அதே சம்பளத்தில்தான். இதையெல்லாம் அவர் தியாகம் என்று சொன்னதில்லை. டியூட்டி என்பார்.

அக்கா பெரிய கோயிலை, அதாவது பெரிய சர்ச்சை, விட்டுவிட்டு, தம் சந்திலேயே இருந்த தனிச் சபைக்குப் போகத் தொடங்கியபோது உறவினர்கள் பலவாறாகப் பேசினார்கள். உபதேச வேறுபாடு என்றார்கள், யாரோ மனதை மாற்றிவிட்டார்கள் என்றார்கள். பதிவுக்காக இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காரணம் முழங்கால். பெரிய கோயிலுக்குப் போக ரயில்வே நடைபாலம் ஏறி இறங்க வேண்டும்.

ஆனால் அங்கேயே அவர் தங்கிவிட்டதற்குக் காரணம் வேறு. காய்ச்சலால் ஒரு ஞாயிறு அவர் போகவில்லை. ஆராதனை முடிந்ததும் பாட்டுப் பாடியவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலில் நின்றார்கள். "பெரிய கோயிலுக்குப் போன காலத்துல நான் மூணு மாசம் படுத்துக் கெடந்தேன் தம்பி. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இங்க ஒரு வாரம் போவலன்ன உடனே கஞ்சியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாவ. நான் இனி எங்க போவ?" என்றார். அந்தச் சபைக்கு அமைப்புச் சட்டம் இல்லை, செயற்குழு இல்லை, முத்திரைகூட இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். "அதான் ஒழுங்கா நடக்குது" என்றார் அக்கா.

அவருடைய கடைசி ஆண்டு அந்தச் சபைக்கும் சோதனை ஆண்டு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில், சபை கூடிவந்த அறையின் உரிமையாளர் கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி அறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதே மாதத்தில்தான் அக்காவின் நோயும் தெரியவந்தது. நர்ஸாக இருந்தவரிடம் டாக்டர் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

சபை கலையவில்லை. ஒரு வாரம் தையல் பட்டறையில், மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஆராதனை நடந்தது. ஒரு வாரம் மான்குர்த்தில், பாஸ்டர் வீட்டு மாடிப்படியில் நடந்தது. வார நாட்களில் வயரிங் வேலை செய்கிறவர் பாஸ்டர். பிரசங்கமும் அப்படித்தான், எது எதோடு சேரும் என்று தெளிவாகச் சொல்வார். ஈஸ்டர் அதிகாலை ஆராதனை ஒரு மொட்டை மாடியில். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் கைபேசியில் ஆங்கில எழுத்தில் பார்த்துத் தமிழில் பாடினார்கள். இடம் இல்லாத அந்த மாதங்களில்தான் சபைக்கு ஆள் கூடியது. எந்த நிர்வாக நூலிலும் இதற்கு விளக்கம் இல்லை.

இந்தச் சமயத்தில் எங்கள் சித்தப்பா மகன் ஒருவர் அக்காவைப் பார்க்க வந்தார். பெயரை எழுதவில்லை, மலரில் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது இருமப்போகிறவர் அவர்தான். "தகரத்துக்குக் கீழ நின்னு பாட்டுப் படிச்சா அது சபையாயிருமா? ஒங்க சபையில அசனம் உண்டா? ஒரு அசனம் போடச் சொல்லு பாப்போம்" என்றார்.

நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அசனம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இந்த மலரைப் படிக்கும் மற்ற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாள் சபை சமைத்து ஊருக்கே சோறு போடுவது அசனம். வருகிறவரிடம் பேரும் கேட்பதில்லை, மதமும் கேட்பதில்லை. உட்கார்ந்தவருக்கு இலை உண்டு.

சித்தப்பா மகன் போனதும் அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, எங்க சபை அசனத்துல நான் ஒரு தடவ உக்காந்து சாப்பிடணும். அதுக்குள்ள கர்த்தர் என்னைக் கூப்பிட்டுரக் கூடாது. நீ பர்மிஷனுக்கு எழுது."

எழுதினேன். சந்தின் முனையில் உள்ள சிறு மைதானம், அறுப்பின் பண்டிகை ஞாயிறு. விண்ணப்பதாரர் அக்காவே. ஏழாம் கட்டம், எதிர்பார்க்கப்படும் நபர்களின் எண்ணிக்கை. அங்கே தகராறு வந்தது.

"ஏதாவது ஒரு எண் சொல்லுங்கக்கா."

"அசனத்துக்கு எண்ணிக்கை எப்படிப் போடுவ? அதுக்கு மேல ஒருத்தன் வந்தா எந்திரிச்சுப் போன்னு சொல்லுவியா?"

"சும்மா ஒரு உத்தேசம். யாரும் எண்ணிப் பாக்கப் போறதில்ல."

"யாரும் எண்ணப் போறதில்லன்னா அப்புறம் எதுக்குல அந்தக் கட்டம்?"

இந்தக் கேள்வியை என்னுடைய பணிக்காலம் முழுவதிலும் யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னபடியே எழுதினேன்: வருகிறவர்கள் எல்லாரும்.

பிறகு அலுவலகத்துக்கு நடந்தேன். எழுத்தர் நல்ல மனிதர். போகும்போதெல்லாம் மராத்தியில் "உத்யா யா" என்று அன்போடு சொல்வார், நாளைக்கு வாருங்கள் என்று பொருள். நினைவூட்டல் கொடுத்தேன், அதற்கு மேல் நினைவூட்டல் கொடுத்தேன், மேலதிகாரிக்குப் பிரதி அனுப்பினேன். கற்ற வித்தை அனைத்தையும் காட்டினேன். பண்டிகை வாரம் வந்தது, பதில் வரவில்லை. அக்காவால் அப்போது சுவரைப் பிடித்துத்தான் நடக்க முடிந்தது.

பாஸ்டர் தயங்கினார். "அனுமதி இல்லாம மைதானத்துல அடுப்பு வச்சா அண்டாவத் தூக்கிட்டுப் போயிருவாங்க சார். அடுத்த ஈஸ்டருக்குத் தள்ளி வச்சா என்ன?" என்றார். ஈஸ்டர் என்ற சொல்லைக் கேட்டதும் மெர்சி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று பேருந்தில் மாட்டுங்காவில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பும்போது விதியை மீண்டும் மனதுக்குள் ஓட்டினேன். பொது இடத்தில், பந்தல் போட்டு என்றுதான் இருக்கிறது. சொந்த வீட்டுக்குள் விருந்தாளிக்குச் சோறு போட இந்த நாட்டில் எந்த அலுவலகத்தின் அனுமதியும் தேவையில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பப் போனேன்.

"பந்தல் வேண்டாம். மைதானம் வேண்டாம். சந்துல உள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் பந்தி" என்றேன். "இத்தனை வருஷம் அந்த ஆபீஸ்ல நீ சும்மா இருக்கல" என்றார் அக்கா. நான் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ்களை இனி அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம்.

சமையலுக்கு இசக்கிமுத்து அண்ணாச்சி பொறுப்பேற்றார். அக்காவின் எதிர்வீட்டுக்காரர், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அவர்தான் சமைப்பார். எத்தனை பேருக்கு என்று கேட்காத ஒரே மனிதரும் அவர்தான். தையல் பட்டறை முற்றத்தில் அடுப்பு மூட்டி, ஆட்டுக்கறியோடு கத்தரிக்காயும் வாழைக்காயும் போட்டு ஊர் வாசத்தையே தாராவியில் இறக்கினார். சபையார் வீடுகள் மட்டும் திறக்கும் என்று நினைத்திருந்தோம். சந்து முழுக்கத் திறந்தது. கட்டிலைத் தூக்கி நிறுத்தினார்கள், டிவியைப் பரணில் ஏற்றினார்கள், வீட்டுக்கு வீடு இலை விரிந்தது.

ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. ஜெபம் முடியாமல் அசனத்தில் யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். ஒலிபெருக்கிக்கும் அனுமதி இல்லை. பாஸ்டர் அக்கா வீட்டு வாசலில் நின்று ஜெபித்தார். பக்கத்து வீடுகள் ஆமென் சொல்லிச் சாப்பிடத் தொடங்கின. எதிர்வீட்டில் மட்டும் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், இசக்கிமுத்து அண்ணாச்சியின் குடும்பமும் விருந்தாளிகளும் ஆறிப்போகும் சோற்றின் முன்னால் கைகூப்பி, கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, சாப்பிடலையா?"

"ஆமென் இன்னும் எங்க வீட்டுக்கு வந்து சேரலையே சார்!"

அக்கா சிரித்த சிரிப்பில் மெர்சி பயந்து முதுகைத் தடவிவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு பந்திக்கும் வாசலுக்கு வாசல் ஒருவர் நின்று ஆமெனைக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள்.

இரண்டாம் பந்தியின்போது ஒரு போலீஸ்காரர் வந்தார். "பர்மிஷன் கிதர் ஹை?" என்று அனுமதிச் சீட்டு எங்கே எனக் கேட்டார். நான் கோப்பை எடுப்பதற்குள் அக்கா நாற்காலியில் இருந்தபடியே தம் ஆஸ்பத்திரி இந்தியில் பேசினார். எல்லாரும் அவரவர் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள், சாகிப் எந்த வீட்டில் உட்காரப் போகிறார் என்று கேட்டார். போலீஸ்காரர் சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். இசக்கிமுத்து அண்ணாச்சி வீட்டில் உட்கார்ந்தார். ஆமென் வந்து சேரும்வரை அவரும் காத்திருந்தார்.

கடைசிப் பந்தியில் அக்கா உட்கார்ந்தார். சித்தப்பா மகனும் வந்திருந்தார். அவருக்கு அக்கா தம் பக்கத்திலேயே இலை போடச் சொன்னார். "என்ன வே, கறி போதுமா? இது சபையா, இல்லியா?" என்றார். அவர் வாய் நிறையச் சோறு இருந்ததால் பதில் பதிவாகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தில், மெர்சியின் கையைப் பிடித்தபடி, அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சந்தின் எல்லா வாசல்களும் மீண்டும் ஒரு முறை திறந்தன.

அவரைப் பராமரித்த மருத்துவருக்கும், தங்கள் மூத்த சகோதரியாகவே நடத்திய செவிலியர்களுக்கும், தூக்கிச் சுமந்த சபையாருக்கும், அம்பர்நாத்திலிருந்து வாரந்தோறும் வந்து பாட்டுப் பாடிய குடும்பங்களுக்கும், இசக்கிமுத்து அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முதலாம் நினைவு நாளில் அதே சந்தில், அதே வீடுகளில் அசனம் நடக்கும். இதற்கு விண்ணப்பிக்கவில்லை.

கட்டுரையை இங்கே முடித்து அச்சகத்துக்குக் கொடுக்க இருந்தேன். ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று. சென்ற ஆண்டு விண்ணப்பத்துக்கு அலுவலகம் அக்காவின் பெயருக்குப் பதில் அனுப்பியிருக்கிறது: ஏழாம் கட்டத்தில் "வருகிறவர்கள் எல்லாரும்" என்று எழுதியிருப்பதன் பொருள் தெளிவாக இல்லை, விண்ணப்பதாரர் நேரில் வந்து விளக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் நேரில் வந்து விளக்கியாயிற்று என்று மறுமொழி எழுதிவிட்டேன். பதில் வந்து சேர்ந்த நாள், இந்த ஆண்டு அசனத்துக்கு இசக்கிமுத்து அண்ணாச்சி ஆடு பார்க்கப் புறப்பட்ட வெள்ளிக்கிழமை.