மாடி வீட்டுக்குப் போன கோழி

சென்ற வருட மழைக்காலத்தில், பெங்களூரு விவேக் நகரில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நடந்தது இது. கீழே நாங்கள், மாடியில் என் கணவரின் தம்பியும் அவர் மனைவியும். அவளுக்கும் எனக்கும் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. ஆனால் அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி விட்டு வந்ததும் பையை என் பக்கம் வீசிவிட்டு, "சித்தி" என்று மாடிக்கு ஓடுவாள். அங்கே பஜ்ஜி, போன், கதை எல்லாம் உண்டு. கீழே என்னிடம் இருப்பதோ வீட்டுப்பாடம், பேன் சீப்பு, விளக்கெண்ணெய். பெற்று வளர்க்கிறவள் நான், நல்ல பெயர் அவளுக்கு. அவளுக்கு இன்னும் குழந்தை இல்லை என்பதால் வாய் திறந்து எதுவும் சொல்லவும் முடியாது.

பிள்ளைதான் இப்படி என்றால் கோழியும் அதையே செய்தது. பின்பக்கம் ஐந்தாறு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். அதில் ஒரு கறுப்புப் பெட்டை எனக்கு உயிர். நான் துணி துவைத்தால் பக்கத்தில் வந்து நிற்கும், நான் பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்கும். அந்த மழையில் அதன் கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பிய மாதிரி வெள்ளையாகப் பொருக்குத் தட்டிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி செதிலுக்கு அடியில் புகுந்து குடியிருக்குமாம்.

கால்நடை டாக்டர் சொன்ன வைத்தியம் கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, ஈரம் துடைத்து, செதிலுக்குள் இறங்கும்படி வாஸ்லின் தடவ வேண்டும். பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும், அதைச் செய்யக் கூடாது. சில நாளுக்கு ஒருமுறை விடாமல் செய்ய வேண்டும். ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் பரவும் என்பதால் எல்லாக் கோழிக்கும் வைத்தியம், அவை உட்காரும் கம்புக்கும் கழுவல்.

மற்றவை ஒரு கத்துக் கத்திவிட்டு அடங்கின. கறுப்பு மட்டும் அடங்கவில்லை. என் கையில் பிரஷ்ஷைப் பார்த்ததுமே கொத்தும், வாளியைக் கவிழ்க்கும், பாதியில் திமிறிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடும். மேல்படியில் அவள் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருப்பாள். என்னைக் கண்டால் ஓடும் கோழி அவள் மடியில் கண்ணை மூடிக் கிடக்கும். முட்டை வைப்பதும் அவள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில்தான். அதை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, உங்க கோழி முட்டை" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவாள். அந்த "உங்க" என்னை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அரைகுறை வைத்தியத்தில் கால் எப்படிக் குணமாகும்? விரல் இடுக்கெல்லாம் பொருக்கு ஏறி, கோழி நொண்ட ஆரம்பித்தது. என் கணவர் ஒருநாள் பார்த்துவிட்டு, சும்மா என்பதைக் கன்னடத்தில் சொல்லும் தன் வழக்கப்படி, "சும்னே எதுக்கு அதைப் போட்டு இம்சை பண்றே? ஞாயித்துக்கெழமை கொழம்பு வெச்சிடு" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் காலைச் சரியாகத் தேய்த்து மருந்து போட்டாக வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிடித்துக்கொள்ள அவளையே கூப்பிட்டால் என்ன? வைத்தியமும் நடக்கும், தன்னை அமுக்கிப் பிடித்தவள் அவள்தான் என்று கோழி அவளையும் வெறுக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மனசுக்குள் சிரித்துக்கொண்டே, "நீ கொஞ்சம் வந்து புடிச்சிக்கோம்மா" என்று தேன் ஒழுகக் கூப்பிட்டேன்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் அக்குளில் தலையை நுழைத்துக்கொண்டு சும்மா இருந்தது. முதல்முறையாக என்னால் ஒவ்வொரு விரல் இடுக்கையும் பார்த்துத் தேய்க்க முடிந்தது. பொருக்கு ஊறி, தானாகக் கழன்றது. நடுநடுவே தலையை வெளியே எடுத்து, குறிபார்த்து என்னை மட்டும் ஒரு கொத்து கொத்திவிட்டு, மறுபடி அவள் அக்குளில் ஒளிந்துகொண்டது. என் திட்டம் எனக்கே வினையாக முடிந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அது உங்களைத்தான் கொத்துதுக்கா" என்றாள்.

"தெரியுது" என்றேன், நிமிராமல்.

"பாப்பாவும் அப்படித்தான். அழுவுறது, கோச்சிக்கிறது, கதவை அறைஞ்சி சாத்துறது எல்லாம் உங்ககிட்டதான். என்கிட்ட ஒருநாள்கூட மூஞ்சைத் தூக்கினது இல்ல. வருவா, சாப்டுவா, தேங்க்ஸ் சித்தின்னு சொல்லிட்டுப் போயிடுவா, விருந்தாளி மாதிரி. உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும்க்கா."

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் கோழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இவளுக்கு, என்னைப் பார்த்து, பொறாமை! அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் அந்தச் சந்தோஷம் எனக்கே கூசியது. வாஸ்லினைத் தடவி முடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பு கத்தரிக்காயில் வைத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அவளைக் கூப்பிட்டுத்தான் வைத்தியம் நடந்தது. குளிர்காலம் முடிவதற்குள் பழைய செதில் உதிர்ந்து கால் வழவழப்பாகிவிட்டது. கோழி இன்னும் மாடியில்தான் முட்டை வைக்கிறது. மகளும் இன்னும் மாடிக்குத்தான் ஓடுகிறாள். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் மகள் என் மேல் கோபித்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தும்போது, என் கண் தானாக மாடிப் பக்கம் போகிறது. அந்தச் சத்தத்துக்கு ஏங்கி அங்கே ஒருத்தி காது கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.