கடல் பாடத்தில் புகுந்த தூக்கம்

வீட்டில் சும்மாவே பேசுகிறவளுக்குக் கல்லூரியில் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள் என்று என் மனைவியைக் கேலி செய்வேன். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. நூலகத்தின் பின்னால் ஒரு சின்ன அறை. வெளிச்சத்தம் புகாதிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளி. பதிவு நடக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வெதுவெதுப்பில் உட்கார்ந்தால் யாருக்கும் கண்ணைச் சொக்கும். வரைபடம் வந்தால் அதையும் வாயாலேயே வரைய வேண்டும். அம்பு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்று.

அவள் குரலை நம்பிப் படிப்பவர்களில் ஒரு புவியியல் மாணவி உண்டு. காதில் விழுந்ததை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பாள். கடல் பற்றிய தாளில் ஏற்கெனவே தோற்றிருந்தாள். இந்த முறையும் போனால் படித்தது போதும், வீட்டுக்கு வா என்று அவள் அப்பா சொல்லிவிட்டாராம். கடைசிப் பாடத்தை அடித்துப் பிடித்துப் பதிவு செய்த என் மனைவி, வழக்கம்போல் ஒருமுறை திரும்பக் கேட்காமலே அனுப்பிவிட்டாள்.

பரீட்சையன்று துணி மடித்துக்கொண்டே அதைப் போட்டுக் கேட்டாள். நான் பக்கத்தில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பாடம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு குரல் மெல்லக் குழைந்தது.

'குளிர்ந்த நீரோட்டம் வடக்கிலிருந்து வருகிறது. வரும் வழியில் எங்கள் அலமாரியைத் திறக்கிறது. உள்ளே மழையை மடித்து வைத்திருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள், மீன்கள் இப்போதுதான் கண்ணயர்ந்தன...'

"தூங்கிட்டே படிச்சிருக்கேங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. அந்தப் பெண் இதையும் மனப்பாடம் செய்து, இந்நேரம் விடையாகச் சொல்லிக்கொண்டிருந்தால்?

பொத்தானை அப்படியே விட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓடினோம். பரீட்சை தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. நீண்ட நடைபாதையில் வெயில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் பேனாக்கள் கீறும் ஓசை, தூரத்து மழை போல. என் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள்.

கதவு திறந்தது. சொல்லச் சொல்ல எழுதித் தரும் உதவியாளரின் கையைப் பிடித்தபடி மாணவி வந்தாள். என் மனைவி அவள் மறு கையைப் பற்றி, நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

மாணவி சிரித்தாள். "அது பாடமில்லன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சுக்கா. பாடம் படிக்கும்போது உங்க குரல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்." விட்டுப்போன பகுதியைத் தோழியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாளாம். இந்த முறை நிச்சயம் தேறிவிடுவாளாம்.

என் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் கண்றாவியை உடனே அழித்துவிடச் சொன்னாள்.

"மாட்டேன்க்கா. தினமும் அதைக் கேட்டுட்டுதான் தூங்குறேன். சின்ன வயசுலேர்ந்து எனக்கு எல்லாரும் படிச்சுக் காட்டினது பரீட்சைக்கு வர்றது மட்டும்தான். எதுக்குமே உதவாதது இது ஒண்ணுதான்."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மத்தியானம் ரூமுக்கு வா" என்றாள் அவளிடம். "கதை படிக்கலாம்."

"எந்தப் பரீட்சைக்குக்கா?"

"எதுக்கும் இல்ல."