ரேடியேட்டரில் கொப்பரைத் தண்ணீர்

அந்த முள்ளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். புடவைக் கட்டுகளை வேலூர்க் கடைகளில் இறக்கிவிட்டுத் திரும்புவது வேலை. ஒரு மார்கழியில், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஆட ஆரம்பித்தது. வேலூர் போகிற வழியில், முசரவாக்கம் தாண்டுவதற்குள் சிவப்பைத் தொடும். நிறுத்தி இறங்குவதற்குள் கீழே விழும், மறுபடி எகிறும். ரேடியேட்டர் மூடியோரம் தண்ணீர் பொங்கும்.

வண்டி லேசாக இருமினாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஸ்டியரிங்கை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. முதலாளியிடம் சொன்னபோது, சதா மீட்டரையே பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்றார். மெக்கானிக் மீட்டரை மாற்றினார். ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். முள் ஆடியது. கடைசியில், டிரைவர் ஓட்டுகிற லட்சணம் சரியில்லை என்று சொல்லிவிட்டு நழுவினார்.

நெசவாளிகள் நாலு பேர் இருக்கும்போதே முதலாளி கேட்டார்.

“இன்னாபா, வண்டி ஓட்றியா, வெந்நீர் போட்டுக்கினு போறியா? இன்ஜினுக்கு ஏதாவது ஆச்சு, சாவிய வெச்சிட்டுப் போய்க்கினே இரு.”

அவர்கள் சிரித்தார்கள். நான் போய்ப் புடவைக் கட்டுகளை வேனில் ஏற்றினேன்.

மறுநாள் வழக்கத்துக்கு முன்னதாகவே போய் மூடியைத் திறந்து விரலை விட்டேன். இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. விரல் வழுக்கியது. முகர்ந்தால் பட்டு வேகிற நாற்றம்.

சாயம் ஏற்றுவதற்கு முன் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொப்பரையில் வேகவைப்பார்கள். நூலிலிருக்கும் பசையெல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். முதலாளி வீட்டுப் பின்கட்டில் கொப்பரைக்கு அடுப்பு எரித்துக்கொண்டிருந்த ஆளைக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. பனியில் வண்டி சட்டென்று கிளம்பட்டும் என்று, தினமும் விடியற்காலையில் ரேடியேட்டரைக் கொஞ்சம் வடித்துவிட்டுக் கொப்பரையிலிருந்து சூடாக ஊற்றச் சொன்னதே முதலாளிதானாம்.

முதலாளியைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்தேன். பழுப்பு நுரை கொழகொழவென்று தெருவில் ஓடியது. உள்ளே பாதி நுரை, பாதி தண்ணீர் என்றிருந்தால் முள் ஆடாமல் என்ன செய்யும்?

“சோப்புத் தண்ணிதானே, உள்ள சுத்தமாவும்னு நெனச்சேன்” என்றார். அவ்வளவுதான். அன்று மாலை அதே நெசவாளிகளிடம், கோளாறைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

நாலைந்து தடவை கிணற்றுத் தண்ணீர் விட்டு அலசினேன். பிறகு ரேடியேட்டர் மூடியைச் சங்கிலியால் இறுக்கிப் பூட்டுப் போட்டேன். காலையில் முதலாளி பார்த்துவிட்டார்.

“என் வண்டிக்கு நீ பூட்டு போடறியா?”

“இன்ஜினுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தானே மொதலாளி போவணும்? அப்ப தண்ணியும் நான்தான் ஊத்துவேன்.”

அவர் உள்ளே போனார். வண்டியைக் கிளப்பினேன். முள் நடுவில் நின்றது. வாலாஜா வரும்வரை சதா மீட்டரையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன், அது ஆடவே இல்லை.