இருளாயியும் ஒற்றைத் தும்மலும்

இருளாயியைப் போல ஒரு வாயாடியை ஈப்போவில் எங்கே தேடினாலும் கிடைக்காது. சொல்பவள் நான், நவமணி. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காது புளித்துப்போனவள். சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் கத்தியைப் போட்டுவிட்டு எங்கள் கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலைக்கு வந்துவிட்டாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுவது எங்கள் வேலை. ஒரு தூசி விழுந்தாலும் அந்தச் சிப் குப்பைக்குத்தான். ஆனாலும் அட்டைக்கடி இல்லாமல் உட்கார்ந்து சம்பளம் வாங்குவதை அவள் ராஜபோகம் என்பாள்.

எண்பத்திரண்டில் அந்தப் போகத்துக்கு ஆபத்து வந்தது. அமெரிக்காவில் யாருடைய பிராசசர் வேகமானது என்று கம்பெனிகளுக்குள் குடுமிப்பிடிச் சண்டை. அதில் ஒரு கம்பெனி, தன் புதுப் பிராசசருக்காகப் பினாங்கிலுள்ள ஒரு தொழிற்சாலைக்கும் எங்களுக்கும் பந்தயம் வைத்தது. ஒரு ஷிப்டில் யார் அதிகம் நல்ல சிப் எடுக்கிறார்களோ அவர்களுக்கே ஆர்டர். தோற்றால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள்.

"மூடுனா எங்க மாமியா, வாடி மகராசின்னு பால் வாளியக் கையில குடுத்திரும். செத்தாலும் போவமாட்டேன்லா," என்று இருளாயி கண் கலங்கினாள்.

முதல் நாள் பினாங்கு, மறுநாள் நாங்கள். அந்தக் கம்பெனியின் அமெரிக்கத் துரையே மேற்பார்வைக்கு வந்தார். உள்ளே எல்லாரும் போட வேண்டிய முகமூடி மூச்சை முட்டுகிறது என்று கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். துரைக்குப் புத்தி சொல்ல யாரால் முடியும்? மேனேஜர் சிவசுப்பிரமணியன், செட்டிநாட்டுக்காரர், பெரிய படிப்புக்காரர், "ஆரம்பிங்க" என்று மணியடித்தார். அதே நொடியில் துரை தும்மினார். ஹச்!

நல்ல காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் யாராவது கை வைப்பார்களா? நாங்கள் அத்தனை பேரும் சிப் தட்டை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டோம்.

"என்னம்மா இது? வேலையப் பாருங்க!" என்று மேனேஜர் பதறினார்.

"ஒத்தத் தும்மல் சார். ரெட்டையாவட்டும்லா," என்றாள் இருளாயி.

"தொரைகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"இன்னொன்னு தும்மச் சொல்லுங்க."

மனுஷன் துரையிடமே கெஞ்சிப் பார்த்தார். துரையும் பாவம், மூக்கைச் சுருக்கினார், அண்ணாந்து விளக்கைப் பார்த்தார்; வரவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாத இருளாயி, தங்கக் கம்பியை முறுக்கி எடுத்துக்கொண்டு போய்த் துரையின் மூக்குக்குள் விட்டாள். அடிப்பாவி!

ஹச்! ரெட்டையாகிவிட்டது. தட்டைத் திறந்தோம். ஹச்! மூன்று. மூடினோம். ஹச்! திறந்தோம். ஹச்!

"அட கெரகமே!" என்று கத்திய இருளாயி, துரையைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே விட்டுத் தாழ் போட்டாள். "அங்க நின்னு எத்தன வேணும்னாலும் தும்முங்க தொர!"

மேனேஜர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பேய் பிடித்தது போல வேலை செய்தோம். துரை கண்ணாடி வழியாகப் பார்த்துத் தும்மிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் முடிவு வந்தது. எங்களிடம் குப்பைக்குப் போனது ஒரு கைப்பிடிகூட இல்லை. பினாங்கில் பாதிக்குப் பாதி குப்பையாம். துரை சிவந்த மூக்கோடு வந்து ஏதோ சொன்னார். இருளாயி பயத்தில் என் கையை நசுக்கினாள்.

"ஆர்டர் நமக்குத்தான்!" என்றார் மேனேஜர், நம்பமுடியாமல். "தொரைக்கு நேத்தே சளியாம். பினாங்குலயும் தட்டுகிட்ட நின்னு நாள் முழுக்கத் தும்முனாராம். ஒருத்தரும் மூடலையாம்."

இருளாயி சந்தோஷத்தில் விசும்பி விசும்பி அழுதாள். அழுகை நின்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் நவமணி, அவ்வளவு பெரிய பினாங்குல நம்மாளு ஒருத்திகூடவா இல்ல?"