கழுவின தண்ணி எங்க போவுது?

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதப் பௌர்ணமியன்று, திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து வரைபடக் கடை ஒன்றில் நடந்தது இது. வீட்டு பிளான் போட்டுத் தரும் கடை. நானோ சுரங்கக் கல்லை அரைத்துத் தங்கம் பிரிக்கும் ஆலைகளை வடிவமைத்தே ஓய்வு பெற்றவன். வெளிமாநிலத்தில் ஒரு சின்ன ஆலைக்கு வரைபடம் கேட்டிருந்தார்கள். என் பென்சில் கிறுக்கலைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தது அந்தக் கடைப் பெண். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம், டிப்ளமோ படித்தவர்.

வரைபடத்தின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். இரண்டில் ஒரே ஆள் கையெழுத்துப் போட்டால் கோப்பைத் திருப்பி எறிந்தவன் நான். இந்தப் படத்தில் மூன்றிலும் நானே போட்டேன். என்னைவிடத் தகுதியானவர் ஊரில் கிடைக்கவில்லை, என்ன செய்ய?

படத்தை முந்தின வாரமே ஆலை கட்டும் இடத்துக்கு அனுப்பியாயிற்று. மறுநாள் அங்கே தரைக்குக் கான்கிரீட். பிரிண்ட் வாங்கப் போனவன், கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சார், தரையக் கழுவினா தண்ணி எங்க போவுது?" என்றார் அந்தப் பெண்.

"இது வீடு இல்லம்மா. அடுத்து வாஸ்து பாப்பியா?"

"வாஸ்து நீங்க பாத்துக்குங்க சார். வீட்டு பிளான்ல தண்ணி போற பக்கம் அம்பு போட்டே பழக்கம். இதுலயும் போட்டுப் பாத்தேன். ஆசிட் தொட்டி, சயனைடு தொட்டி ரெண்டு பக்கத் தண்ணியும் ஒரே குழிக்கு வருதுங்க. பரவால்லியா?"

படத்தை இழுத்துப் பார்த்தேன்; அவர் சொன்னது சரி. கல் தூளிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுப்பது சயனைடு. தங்கத்தைப் பிடித்துவைக்கும் கரியைக் கழுவுவது ஆசிட். இரண்டும் கலந்தால் கிளம்பும் விஷவாயு, குழி ஓரம் நிற்பவரைச் சில மூச்சில் சாய்த்துவிடும். தனித்தனிக் குழி, நடுவே சுவர் என்று எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்தவன் நான். கடைசி நேரத்தில் ஆசிட் தொட்டியை நகர்த்திவிட்டுக் குழியை மறந்திருந்தேன்.

போனில் சைட் இன்ஜினியரிடம் 'சின்னத் திருத்தம்' என்று மழுப்பப் பார்த்தேன்.

"கம்பியெல்லாம் கட்டியாச்சு சார். சின்னதுன்னா அப்புறம் பாத்துக்கலாமே?"

"பாக்க முடியாது தம்பி. ஆள் செத்துடுவாங்க. தப்பு என்னுது, நிறுத்திடுங்க."

அந்தப் பெண் மற்ற வேலையைத் தள்ளிவைத்து, சாயங்காலத்துக்குள் சுவரும் இரண்டாவது குழியும் வரைந்து கொடுத்தார். ஒரு நக்கல் பேச்சு இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

ஆலை ஓட ஆரம்பித்த சில மாதத்தில், அங்கிருந்து ஒரு செய்தி வந்தது: "ஆசிட் குழாய் வெடிச்சிருச்சு சார். எல்லாம் அதோட குழியிலயே நின்னுச்சு. ஆசிட் அடங்க சுண்ணாம்பு போட்டுட்டோம். இப்ப சாப்பிடப் போறோம்."

அந்த ஆலையில் எவ்வளவு தங்கம் எடுத்தார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள் என்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது.