குடில் பலகையில் வந்த ரயில்

அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் ஆடுகள் இல்லை. மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள் எல்லோரும் சுகமாக வந்து சேர்ந்துவிட்டார்கள். இடையர்கள் மட்டும் மேய்க்க ஒன்றுமில்லாமல் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஆடுகள் மதுரையில் ஒரு பெரிய அதிகாரியின் வீட்டில் இருந்தன. அவை அங்கே போன கதையை மாமாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாமா, அம்மாவின் தம்பி. திண்டுக்கல்லுக்கு வெளியே, ரயில் பாதை வளைந்து திரும்பும் இடத்தில் கேட் கீப்பராக இருந்தார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் தெரிந்த ரயில் கார்டு யாராவது இறக்கிவிட்டுப் போன ஆயக்குடிக் கொய்யா அவர் துண்டில் முடிந்திருக்கும். ஐப்பசி மழையில் ஒருநாள் கொய்யா இல்லாமல் வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. சஸ்பெண்டு என்ற வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம் என்று அதற்கு நானே ஒரு பொருள் கண்டுபிடித்து, அதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் தருவார்களா என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா வாத்தியார். முறைத்த முறைப்பில் அடுத்த கேள்வி கேட்காமல் வெளியே ஓடிவிட்டேன்.

நடந்ததைப் பெரியவர்களின் பேச்சிலிருந்து அங்கங்கே பொறுக்கித்தான் தெரிந்துகொண்டேன். கொட்டும் மழையில், வழக்கமாக வராத நேரத்தில் ஒரு சரக்கு ரயில் வந்திருக்கிறது. அது வருகிறது என்று மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காக, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்திருக்கிறார். ஆனால் வளைவில் ஒரு மேடு இருந்தது. மேட்டின்மேல் வேலிக்கருவைப் புதர் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதற்குப் பின்னால் வந்த ரயில் தெரியவில்லை. வண்டிக்காரரும் செத்தார், மாடுகள் இரண்டும் செத்தன. ரயில் வருவதைப் பார்த்துவிட்டே மாமா கேட்டைத் திறந்தார் என்று ரயில்வேக்காரர்கள் எழுதிவிட்டார்கள். அது பொய்யென்று காட்டாவிட்டால் வேலை போய்விடும். ஆளைக் கொன்றவன் என்ற பெயரும் கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். வேலையை விட அந்தப் பெயருக்குத்தான் மாமா பயந்தார்.

"எடத்துல வந்து நின்னு பாத்தாத் தெரிஞ்சுபோகும் மச்சான்" என்றார் அப்பாவிடம்.

"அவுங்க எதுக்கு இங்க வாராங்க? உன்னையத்தான மதுரைக்கு என்கொயரிக்கு வரச் சொல்லியிருக்கு."

மாமா விடவில்லை. "அப்ப எடத்தையே தூக்கிட்டுப் போயிருவோம்" என்றார்.

அம்மா குடில் சாமான் பெட்டியைத் திறந்தாள். குடில் வைக்கும் பலகையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். வருஷா வருஷம் பெத்லகேம் மலை கட்டின அனுபவம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. சிமெண்டுப் பைத் தாளைக் கசக்கி, மைதாப் பசையில் தோய்த்து, கரியும் செம்மண்ணும் பூசினால் மலை வந்துவிடும். அதே மலை இப்போது மாமாவின் மேடானது. சைக்கிள் கம்பிகளை வளைத்துத் தண்டவாளம் போட்டார். தீக்குச்சிகள் அடியில் குறுக்குக் கட்டைகளாயின. சலித்தெடுத்த கல்பொடியை இடையில் தூவினார். வேலிக்கருவைக்குப் பச்சைச் சாயம் தோய்த்த பீர்க்கங்கூடு. ஓரத்து வயலில் குடிலுக்கு விதைப்பதுபோலவே அம்மா கேழ்வரகு விதைத்தாள். அது முளைத்துப் பசேலென்று வந்தது. கரி பூசிய தீப்பெட்டிகள் ரயிலாயின. ஈர்க்குச்சியில் கேட். ரயிலோரம் ஆடு மேயாமல் இருக்குமா என்று அம்மாவே குடில் ஆடுகளை எடுத்து வயலில் விட்டாள். இத்தனையும் பார்த்த நான், இந்த வருஷம் இயேசு ரயிலில் வரப்போகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மாமாவுக்கு மட்டும் திருப்தி வரவில்லை. விடிந்ததும் நடந்து அந்த வளைவுக்குப் போவார். திரும்பி வந்து ஒரு புதரை விரல் அகலம் தள்ளி வைப்பார். கல்யாணமுருங்கைக் கட்டையில் ஒரு மாட்டுவண்டியும் இரண்டு மாடுகளும் செதுக்கினார். எல்லாவற்றிலும் அதுதான் அழகு. ஆனால் கேட்டருகே கொண்டுபோவார், வைக்காமலே திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"நான் வைக்கட்டுமா மாமா?"

"அது வேண்டாம் தாயி."

எல்லாம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "இங்கன, கேட்டுக்கிட்டக்க கன்னத்த வச்சுப் படுத்துப் பாரு. ரயிலு தெரியுதா?"

"தெரியலை மாமா."

"இப்ப?"

"தெரியலை."

"இப்ப?"

தீப்பெட்டி ரயில் புதருக்குப் பின்னாலிருந்து திடீரென்று என் மூக்குக்கு நேரே வந்தது. வீல் என்று கத்திவிட்டேன். "பாத்தியளா மச்சான், பாத்தியளா!" என்று மாமா துள்ளினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தை வைத்துப் பார்த்தார். அம்மா பார்த்தாள். பால் ஊற்ற வந்த அக்காகூடச் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, இது எப்பிடித் தெரியும்!" என்றாள். மாமா தப்பித்துவிட்டார் என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

பலகையைப் போர்வையில் சுற்றி, கயிறு போட்டு, அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ரயிலேறினார்கள். சாயங்காலம் போர்வையோடு மட்டும் திரும்பி வந்தார்கள்.

"அந்த ஐயா கன்னத்த வச்சுப் பாத்தாரா மாமா?"

"ரொம்ப அழகா இருக்குன்னாரு தாயி. அவரு வீட்டுலயும் பிள்ளைக இருக்காம். வச்சுட்டுப் போகச் சொல்லிட்டாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா செய்த ரயில் மதுரையில், பெரிய ஐயா வீட்டில்! தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நான் திரும்பியபோது அடுப்படியில் அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"கைய பின்னால கட்டிக்கிட்டு நின்னவாக்குலயே பாத்தாரு. மேல இருந்து பாத்தா எல்லாந்தான தெரியும்? ரயிலு தெரியுது, கேட்டு தெரியுது, ஒனக்கு மட்டும் எப்பிடித் தெரியாமப் போச்சுன்னு கேட்டுட்டாரு."

"குனிஞ்சு பாருங்கன்னு சொல்ல வேண்டியதுதான?"

"அம்புட்டுப் பெரிய மனுசன மேசையில கன்னத்த வைன்னு எப்பிடிச் சொல்ல? ஒன் தம்பி வாயத் தெறந்தான், மூடிட்டான். நானும் வாசல்லதான் நின்னேன். எனக்கும் வாய் வரல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய ஐயாவுக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே வேலை போய்விட்டது என்று உத்தரவு வந்தது. ஆனாலும் எனக்காக, பலகைக்குப் பதில் பழைய ஜன்னல் கதவொன்றைப் போட்டு அம்மா குடில் வைத்தாள். ஆடு எங்கே, ஆடு வேண்டும் என்று நான் அழுது அடம்பிடித்தேன். வேலை போனதற்கு அந்த வீட்டில் அழாத ஒரே ஆள் நான். ஆட்டுக்கு அழுததும் நான்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து வந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டு, அந்த இரண்டு மாடுகளையும் எடுத்தார். இம்முறை திரும்பப் பையில் போடவில்லை. தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில், குழந்தை இயேசுவைப் பார்த்தாற்போல் இரண்டையும் நிறுத்தினார். அழுகையை நிறுத்திவிட்டு, "வண்டி எங்க மாமா?" என்றேன்.

"வண்டி வேண்டாம் தாயி. மாடு ரெண்டும் இங்கனயே நிக்கட்டும்."

பிறகு முழங்கால் போட்டு, மாடுகளுக்குப் பக்கத்தில் அந்த ஜன்னல் கதவில் கன்னத்தை வைத்தார். வைத்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பழைய விளையாட்டுத்தான் என்று நினைத்து நானும் எதிர்ப்பக்கம் ஓடிப்போய்க் கன்னத்தை வைத்தேன். அவர் கண்கள் மூடியிருந்தன.

"என்ன மாமா தெரியுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.