நான் குடிக்காத தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு செப்டம்பர் மாதம். பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், பிள்ளையார் தேர் முடிந்து கடைகளில் வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. நான் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் இருபத்திரண்டு வருடமாக ரோல்ஸும் சோற்றுப் பார்சலும் செய்கிறேன். அந்த வருடம்தான் முதல் தடவையாக வாய் திறந்து ஒரு மாதம் லீவு கேட்டு, ஆஸ்திரேலியாவில் இருக்கிற தம்பியிடம் போனேன்.

கடல், கங்காரு என்று எதையாவது காட்டுவான் என்று பார்த்தால், அவன் என்னை ஜீப்பில் ஏற்றிப் பாலைவனத்துக்குக் கொண்டுபோனான். அவனுக்கு அங்கே ஒரு கூட்டாளிக் கூட்டம் இருக்கிறது. நாலைந்து ஜீப்புகளில் கிளம்பிப் போய், நூறு வருடத்துக்கு முன்னால் நில அளவைக்காரர்கள் எல்லை குறிக்க நட்டுவிட்டுப் போன மரக்கட்டைகளைத் தேடுவதுதான் இவர்களின் பொழுதுபோக்கு.

"கட்டையைக் கண்டுபிடிச்சா என்ன தருவாங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் தராங்கள் அக்கா. படம் எடுத்திட்டு வருவம்."

இதற்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டமா! நல்ல விசர்க் கூட்டம்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து ஜீப், பதினொரு பேர். தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். தலைவர் நில அளவை வேலை பார்க்கிற ஒரு வெள்ளைக்காரர், என் வயதுதான் இருக்கும். ஒரே கோட்டில் நட்ட ஒன்பது கட்டைகளில் எட்டை நாலு வருடமாகத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாராம். மிச்சம் ஒன்று. அந்த நிலம் கைமாறப் போகிறது, உள்ளே போக அனுமதி அந்த வாரத்துக்கு மட்டும்தான், அதற்குப் பிறகு வேலி போட்டுவிடுவார்கள் என்று தம்பி சொன்னான். அந்த மனுசன் கைவிரலால் வரைபடத்தைத் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டபோது எனக்கும் அந்த ஒன்பதாவது கட்டை மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

மூன்று நாள் பாணும் டின் மீனும் தின்று எனக்கு நாக்கு செத்துப் போனது. மூன்றாம் நாள் பின்னேரம், தம்பியும் தலைவரும் அடுத்த நாள் தேட வேண்டிய இடத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். மற்றவர்கள் கூடாரம் அடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். நான் அரிசியை எடுத்தேன். பதினொரு பேருக்குச் சமைப்பது எனக்கு ஒரு வேலையா? அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி, பருப்பை இரண்டு தண்ணீரில் கழுவி, தாராளமாகத் தண்ணீர் விட்டுச் சோறாக்கி, கஞ்சியை வடித்து ஊற்றி, சட்டியையும் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்தேன். தண்ணீரைப் பார்த்துப் பாவிக்க வேண்டும் என்று முதல் நாளே தம்பி சொன்னவன்தான். குளிக்கக் கூடாது என்கிறான் என்று நினைத்தேன். அரிசியைக் கழுவாமல் சமைக்கலாம் என்று எந்தத் தமிழச்சிக்குத் தோன்றும், சொல்லுங்கள்!

எல்லோரும் விரலைச் சூப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். தலைவர் மூன்றாம் தரமும் கோப்பையை நீட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் தலைவர் வழக்கம்போலத் தண்ணீர்க் கான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இருபது லீற்றர்க் கான் ஒன்று வெறுமையாக வந்தது. தம்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, என்ன செய்தனீங்கள்?"

"சோறு காய்ச்சினனான். வேறென்ன?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. இங்கே கிணறும் இல்லை, குழாயும் இல்லை, அடுத்த தண்ணீருக்கு ஒன்றரை நாள் ஓட வேண்டும், நாளைப் பகல்வரை நின்று தேடத் தீர்மானித்திருந்தார்கள், இனி இன்று பகல் பன்னிரண்டு மணிக்கே திரும்ப வேண்டும் என்று மெதுவாக விளங்கப்படுத்தினான். அதாவது நாலு வருடத் தேடலில் மிச்சமிருந்த ஒன்றரை நாளில் ஒரு முழு நாளை நான் மண்ணில் ஊற்றியிருந்தேன். யாராவது ஒருவர் வாய் திறந்து ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஆனால் தலைவர் என் தோளில் தட்டி, சோறு நல்ல ருசி என்றார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

சரி, இனி ஒன்றுதான் வழி, அந்தக் கட்டையை நானே கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் நான் மனுசி என்று முடிவெடுத்தேன். தம்பி வண்டியில் இருக்கச் சொன்னான். "போடா, நானும் நடக்கிறன்" என்று முந்தானை மாதிரித் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

இருபது இருபது அடி இடைவெளியில் வரிசையாக நின்று, முள்ளுப் புல்லுக்குள் நேராக நடக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை தலைவர் விசில் ஊதுவார். எல்லோரும் நின்று ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டுக் கையை உயர்த்த வேண்டும். எல்லாக் கையும் உயர்ந்தால்தான் வரிசை நகரும்.

நான் போத்தலை உதட்டில் வைத்துவிட்டு எடுத்தேன். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. கையை மட்டும் உயர்த்தினேன். என்னால் போன தண்ணீரை என் பங்கில் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. நாலு விசிலுக்கும் அதையே செய்தேன். "அக்கா, ஏலுமோ?" என்று தம்பி வரிசையில் எனக்குப் பக்கத்திலிருந்து கத்துவான். "ஓம், ஓம், நீ கட்டையைப் பார்" என்று நானும் கத்துவேன்.

பதினொரு மணிபோல வலது பக்கம் ஒரு கற்குவியல் தெரிந்தது. கட்டையைச் சுற்றிக் கல் அடுக்குவார்கள் என்று தம்பி சொல்லியிருந்தான். சத்தம் போட்டால், அது கட்டையில்லாவிட்டால் வெட்கம். தம்பி குனிந்து புல்லை விலக்கிப் பார்த்த நேரம், தனியே அதைப் பார்த்து நடந்தேன். நடக்க நடக்க அது கிட்ட வரவில்லை. தலை இடித்தது, வியர்வை நின்றுவிட்டது, கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியவில்லை. ஒரு பற்றைக்குக் கீழே குந்தியது மட்டும் நினைவிருக்கிறது.

பத்துப் பேரும் கட்டையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் என்னைத் தேடியிருக்கிறார்கள். கண்ணைத் திறந்தபோது தம்பி என் தலையை மடியில் வைத்து, தன் போத்தல் தண்ணீரை என் வாயில் விட்டபடி அழுதுகொண்டிருந்தான். தலைவர் என் போத்தலைத் தூக்கினார். கழுத்துவரை நிறைந்திருந்தது. அப்போதுதான் அவர் முகம் சிவந்ததைப் பார்த்தேன். அவர் சொல்லச் சொல்லத் தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தமிழில் சொன்னான்.

"நேற்றுப் போன தண்ணி எல்லாருக்கும் தெரியும், அதுக்கேற்ற மாதிரிக் கணக்குப் போடலாமாம். இண்டைக்கு நீங்கள் குடிக்காதது ஒருத்தருக்கும் தெரியாது. உங்கட கையைப் பார்த்துத்தான் அவர் எல்லாரையும் இவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு வந்தவராம்."

இன்னும் ஒரு மணி நேரம் தேடுங்கள், நான் நிழலில் இருக்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வரைபடத்தை மடித்தார். நான் கண்ட கற்குவியல் வெறும் கரையான் புற்றாம்.

திரும்பும் வழியில் மணல் மேடுகளை வெயில் சாயுமுன் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வண்டியும் சுகமா என்று தலைவர் ரேடியோவில் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு மறுபடியும் தலை இடித்து, கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பாரிஸில் காய்ச்சலோடு எத்தனை நாள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறேன்! கையில் கொப்புளத்தோடு ரோல்ஸ் உருட்டியிருக்கிறேன். வேலையும் விசாவும் போய்விடும் என்ற பயத்தில் பழகிய வாய் இது. முதலாளி பிரெஞ்சில் "சவா?", சுகமா என்று கேட்டால், "சவா", சுகம் என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியாது.

எங்கள் வண்டியின் முறை வந்தது. தம்பி ரேடியோவை எடுக்கப் போனான். நான் அவன் கையிலிருந்து பறித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஐ ஆம் நொட் ஓகே" என்றேன்.

ஐந்து ஜீப்பும் நின்றன. இறக்கி நிழலில் கிடத்தி, உப்பும் சீனியும் கரைத்துப் பருக்கினார்கள். எண்ணி எண்ணி வைத்திருந்த தண்ணீரை ஒருவர் மாறி ஒருவர் கொண்டுவந்து என் தலையில், கழுத்தில் ஊற்றினார்கள். வீணாகிறது என்று நான் தடுக்க, தலைவர் என் கையைப் பிடித்து விலக்கிவிட்டு ஏதோ சொன்னார்.

"சொன்னதுக்கு நன்றியாம் அக்கா" என்றான் தம்பி.

நான் ஓவென்று அழுதேன். ஏலாது என்று சொன்னதற்கு எனக்கு யாரும் நன்றி சொன்னதே இல்லை.

அந்த நிலத்துக்கு இப்போது வேலி போட்டுவிட்டார்கள். ஒன்பதாவது கட்டையை யாரும் காணவில்லை, அந்தக் கவலை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, ஏலாத நாளில் ஏலாது என்றுதான் சொல்கிறேன்; என் உயர்த்திய கையை நம்பிப் பத்துப் பேர் வெயிலுக்குள் நடந்தார்கள் என்ற நினைப்பு வந்தால், வாயில் பொய் வருவதில்லை.